பூச்சி தின்ற பத்தொன்பது இடங்கள்

போன வாரம் என் ஒன்றுவிட்ட தம்பியின் மகன் தேவராஜ் வீட்டுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை புது ஃபைபர் போட்டைப் பழவேற்காட்டு ஏரியில் இறக்குகிறார்களாம். அதற்கு நான் ஒரு மந்திரம் சொல்ல வேண்டுமாம்.

"எனக்கு மந்திரமெல்லாம் தெரியாதுடா."

"இன்னா அத்தே, முப்பது வர்ஷமா மெட்ராஸ்ல குந்தி சமஸ்கிருதம் படிச்ச. ஒரு மந்திரம் தெரியாதுன்னா எவன் நம்புவான்?"

"நான் படிச்சது இலக்கணம். அதுல இருக்கிற தத்துவம். ஒருத்தர் பேசினா, அந்தப் பேச்சோட அர்த்தம் நம்ம மனசுல எப்படி வந்து நிக்குதுன்னு..."

"பேசுனா புரியுது. இத்த கண்டுபிடிக்க முப்பது வர்ஷமா?"

இவனோடு யார் மல்லுக்கட்டுவது? எங்கள் கோட்டைக்குப்பத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டுமா, தேசராணி அக்காவைக் கேள். பெண்ணுக்கு ஜாதகம் பார்க்க வேண்டுமா, தேசராணி அக்கா. ஒருத்தி பொன்னேரி டாக்டர் எழுதிய மருந்துச்சீட்டைக் கொண்டு வந்து நீட்டினாள். பழைய ஓலையெல்லாம் படிக்கிறவளுக்கு இது தெரியாமலா போகும் என்று நினைத்தாளாம். அதைப் படிக்க எனக்கு மட்டுமென்ன, அந்த மருந்துக் கடைக்காரரைத் தவிர யாருக்கும் வராது.

சரி, சென்னையில் நான் வேலை பார்த்த சுவடி நூலகத்தில் மட்டும் வாழ்ந்ததா என்றால் அங்கே இதற்கு நேர்மாறு. யாரிடம் அறிமுகம் செய்து வைத்தாலும் முதல் கேள்வி, "பழவேற்காடா? எறா நல்லா இருக்குமே!" சாப்பிடாதவர்கள் வேறு விதமாகக் கேட்பார்கள்: "மீனவக் குடும்பத்திலிருந்து சமஸ்கிருதமா? எப்படிம்மா?" அந்த 'எப்படிம்மா'வுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது.

இப்போது அந்தச் சுவடி நூலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அங்குள்ள ஓலைகளையெல்லாம் படம் எடுத்துக் கணினியில் ஏற்றி முடித்துவிட்டார்களாம். அதற்கு விழா. விழாவுக்கு ஒரு மலர். மலருக்கு, ஓய்வுபெற்ற நான், என் 'இனிய நினைவுகளை' இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டும். மலர்க்குழுவில் இருக்கும் பெண் மூன்று முறை போன் செய்துவிட்டாள். "ஸ்வீட்டா ரெண்டு பக்கம் போதும் மேடம்." கூடவே சாதாரணமாகச் சொன்னாள்: "முதல்ல நரசிம்மன் சாரோட பதிப்பைத்தான் ஏத்தப்போறோம். இனிமே உலகத்துல எங்கேயிருந்தும் படிக்கலாம்."

எனக்குப் பகீர் என்றது. அதனால்தான் எழுதுகிறேன். இது இனிப்பாகவும் இருக்காது, இரண்டு பக்கத்திலும் அடங்காது.

நான் சமஸ்கிருதம் படித்ததில் பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. பொன்னேரிப் பள்ளியில் மொழிப்பாடம் தேர்ந்தெடுக்கச் சொன்ன நாளில் எனக்குக் காய்ச்சல். சமஸ்கிருத வாத்தியாருக்கோ ஒரு பிள்ளை குறைந்தது. வகுப்பு நடக்க வேண்டுமே, வராதவள் பெயரை எழுதிக்கொண்டார். காய்ச்சல் விட்டுப் போனால் நான் சமஸ்கிருத மாணவி. நைனாவிடம் சொன்னபோது, "அது இன்னா பாஷை? எங்க பேசுறாங்க?" என்று கேட்டார். எங்கும் பேசுவதில்லை என்றேன். "அப்ப நீ பேசி யாரும் தப்பு சொல்ல முடியாது, படி," என்றார். பிறகு சென்னையில் கல்லூரி, எம்.ஏ., கிரந்த எழுத்துப் பயிற்சி, சுவடி நூலகத்தில் தற்காலிக வேலை. முதல் எட்டு மாதமும் ஓலைக்கு எலுமிச்சைப்புல் தைலம் தடவும் பிரிவில்தான் என்னை வைத்திருந்தார்கள். எம்.ஏ. படித்தவளுக்கு எண்ணெய்த் துணி!

அங்கிருந்து என்னைத் தூக்கியவர் நரசிம்மன் சார். பதிப்புப் பிரிவின் தலைவர். ஒருநாள் தைல அறைக்கு வந்தவர், நான் துடைத்துக்கொண்டிருந்த ஓலையைக் காட்டி, "இதை வாசிங்கோ," என்றார். வாசித்தேன். "மறுபடி," என்றார். மறுபடி வாசித்தேன். "நாளையிலேர்ந்து என் அறையில உட்காருங்கோ." அவ்வளவுதான். ஊர் கேட்கவில்லை, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை. பதினொரு வருஷம் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அந்தக் கட்டடத்தில் என்னிடம் 'எப்படிம்மா' கேட்காத ஒரே மனிதர் அவர்.

அவர் பதிப்பித்துக்கொண்டிருந்தது இலக்கணத் தத்துவத்தில் ஓர் உரை. அதுவரை அச்சில் வராதது. அதற்கு மூன்றே மூன்று பிரதிகள் கிடைத்திருந்தன. ஒன்று, மிகப் பழைய ஓலைக்கட்டு. அங்கங்கே பூச்சி தின்றது. இரண்டாவது, காகிதத்தில் ஒரு பண்டிதர் கிரந்த எழுத்தில் எழுதியது. முத்து முத்தான கையெழுத்து, ஓர் அடித்தல் கிடையாது. நாங்கள் அதை அழகுப்பிரதி என்றுதான் சொல்வோம். மூன்றாவது தெலுங்கு எழுத்தில் இருந்தது, எழுதியவன் அரைத்தூக்கத்தில் எழுதியிருப்பான் போல, வரிக்கு வரி பிழை.

ஒப்புநோக்கும் முறை இது. ஒருவர் பிரதியை உரக்க வாசிக்க வேண்டும். எதிரே இருப்பவர் தாளில் பென்சிலால் தொடர வேண்டும். பேனா அந்த அறைக்குள் வரவே கூடாது. வாசிக்கிறவர் அர்த்தத்தைப் பார்க்கக் கூடாது. "பொருள் பார்த்தா கண்ணு தானா திருத்திடும். எழுத்தை மட்டும் பாருங்கோ," என்பார். தப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. விரலால் மேசையை ஒரு தட்டு, "மறுபடி." ஒரு பக்கத்துக்கு நான் ஒன்பது 'மறுபடி' வாங்கிய நாள் உண்டு. எரிச்சலில் பல்லைக் கடிப்பேன். ஒன்பதாவது முறைதான் விட்டுப்போன எழுத்து கண்ணில் படும். அதற்கும் பாராட்டு கிடையாது, அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஓலை சிதைந்து எழுத்து போன இடங்களை அடிக்குறிப்பில் சேர்க்கக் கூடாது. இல்லாததைக் குறித்துப் பக்கத்தை நிரப்புவானேன் என்பது அவர் கட்சி. அப்போது அது சரியென்றே எனக்கும் பட்டது.

எழுத்துப்பிழைகளைத் தள்ளிவிட்டால், அழகுப்பிரதியில் பத்தொன்பது இடங்களில் மட்டும் தெலுங்குப் பிரதியில் இல்லாத வேறு வாசகம் இருந்தது. சார் அந்தப் பத்தொன்பதையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. அவற்றில் மூன்றாவது இடம் அவர் வாழ்க்கையின் பெரிய கண்டுபிடிப்பு. வாக்கியத்தின் பொருள் சொல் சொல்லாகச் சேர்ந்து உண்டாகிறதா, மொத்தமும் ஒரே வீச்சில் விளங்குகிறதா என்பது இந்தத் துறையின் பழைய சண்டை. தெலுங்குப் பிரதியின்படி உரைகாரர் தம் குருவின் கட்சியையே சொல்கிறார். அழகுப்பிரதியின்படி குருவை விட்டு எதிர்க்கட்சிக்குப் போய்விடுகிறார். குருவை மறுத்த சீடன் என்று சார் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதற்கு அவருக்குச் சபைகளில் சால்வை போட்டார்கள்.

பதினோராம் வருஷம் புத்தகம் அச்சுக்குப் போயிற்று. முன்னுரையில் சேர்க்க அந்தப் பத்தொன்பது இடங்களின் பட்டியலைத் தயாரிக்கச் சொன்னார். முப்பத்திரண்டு எழுத்து ஒரு கிரந்தம் என்பது பழைய கணக்கு. ஒவ்வோர் இடமும் முந்தைய இடத்திலிருந்து எத்தனை கிரந்தம் தள்ளி வருகிறது என்று அந்தக் கணக்கில் குறிக்க வேண்டும். எண்ணிக்கொண்டே போனேன். பதினேழு, ஐந்து, பதினேழு, ஐந்து, பதினெட்டு, ஐந்து என்று வந்தது. என்னடா இது என்று ஒரு கணம் தோன்றியது. பொங்கல் விடுமுறை அவசரத்தில், பட்டியலைப் பையில் திணித்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள். என் அண்ணன் கன்னியப்பன் எறா வலையைக் கரையில் விரித்துப் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தான்.

"கயிதே எலி! ஒரே ஒரு வாய்தான் வெச்சிது. பாரு, எத்தினி பொத்தல்!"

"ஒரு வாய் வெச்சா எப்படிண்ணா இத்தனை பொத்தல் ஆகும்?"

"மடிச்சி வெச்சிருந்தேன்ல? மடிப்பு மடிப்பா எறங்கிப் போயிருக்குது. பாரு, கிட்ட ஒண்ணு, தூர ஒண்ணு. மறுக்கா கிட்ட, மறுக்கா தூர. நடுவுல கடிக்காம ஓரமா கடிச்சிகீது, அதான். மெட்ராஸ்ல இத்தெல்லாம் சொல்லித்தர மாட்டாங்களா?"

பையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தேன்: பதினேழு, ஐந்து, பதினேழு, ஐந்து. அண்ணி மீன் குழம்பு ஊற்றி வைத்தாள், இறங்கவில்லை. அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை நூலகம் திறந்ததும் ஓலைக்கட்டை எடுத்தேன். பூச்சி ஒரு கட்டைத் துளைத்தால் ஓலை ஓலையாக ஒரே இடத்தில் இறங்கும். அந்தக் கட்டில் ஓர் ஓட்டை பத்து ஓலைகளில் இறங்கியிருந்தது. பக்கத்துக்கு ஏழு வரி; முன்பக்கத்தில் இரண்டாம் வரியில் எழுத்து போகும். ஓலையைப் புரட்டினால் பின்பக்கத்தில் அதே ஓட்டை ஆறாம் வரியில் வரும். அதனால்தான் தூர ஒன்று, கிட்ட ஒன்று. அழகுப்பிரதியின் பத்தொன்பது அபூர்வ வாசகங்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பத்தொன்பதும் ஓட்டையின் மேல் உட்கார்ந்தன. ஓர் எழுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகவில்லை. சிதைந்த இடங்களைக் குறிக்கக் கூடாது என்ற விதியால் இத்தனை வருஷமும் இது எங்கள் கண்ணில் படவில்லை.

விஷயம் இதுதான். அந்த அழகுக் கையெழுத்துப் பண்டிதர் எங்கள் ஓலைக்கட்டைப் பார்த்துத்தான் நகல் எடுத்திருக்கிறார். ஓட்டை வந்த இடத்தில் வெறுமனே விட்டாரா? விடுவாரா! படித்தவரல்லவா? மூன்று நான்கு எழுத்து போன இடத்தில் தாமே பொருத்தமாக எழுதி நிரப்பிவிட்டார். உரைகாரர் தம் குருவை மறுக்கவே இல்லை. மறுத்தது ஒரு பூச்சியும் ஒரு பண்டிதரும்.

சார் வந்தார். சொன்னேன். விரலால் மேசையைத் தட்டி, "மறுபடி," என்றார். மறுபடி சொன்னேன். பட்டியலை நீட்டினேன். ஒரு விளக்குமாற்று ஈர்க்கை எடுத்துப் பத்து ஓலைகளின் ஓட்டையிலும் விட்டேன். தடையில்லாமல் நுழைந்து மறுபக்கம் வந்தது. அவர் அந்த ஈர்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தற்செயலா இருக்கலாம்."

"பத்தொன்பதுமா சார்?"

"ஆறு பாரம், தொண்ணூத்தாறு பக்கம், அச்சாயிடுத்தும்மா."

"மிச்சத்தை நிறுத்தலாம் சார். மூணாவது இடம் ஏழாவது பாரத்துலதான் வருது."

"இது எப்படித் தோணித்து உங்களுக்கு?"

நான் ஒரு அசடு. எலி கடித்த வலையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. பதினொரு வருஷத்தில் முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"எறா வலையை வெச்சு ஓலையைப் படிக்கிறேளா? இது உங்க ஊர் இல்லேம்மா!"

அறைக்கு வெளியே இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. என் ஊரை அவர் தெரிந்து வைத்திருந்தார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஈர்க்கை உருவினேன். ஓலைகளை வரிசைப்படுத்திக் கட்டினேன்.

புத்தகம் வந்தது. வெளியீட்டு விழா, மாலை, படம். முன்னுரையில் 'பிரதிகளைப் பொறுமையுடன் ஒப்புநோக்கி உதவிய' என்று என் பெயரும் இருந்தது. அடுத்த மாதமே என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு வந்தது, அவர் கையெழுத்தோடு. அது எனக்கு வர வேண்டியதா, வாயை மூடியதற்கு வந்ததா என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நிரந்தரமாகிவிட்டது என்று ஊருக்குப் போன் செய்தேன். நைனா சந்தோஷத்தில் குப்பம் முழுக்க லட்டு கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது. அந்த மூன்றாவது இடம் பாடத்திட்டத்தில் ஏறியது. ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள். நூலகத்தைச் சுற்றிக் காட்டும் வேலை என்னுடையது. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் அழகுப்பிரதியைக் காட்டி, "குருவை மறுத்த வாசகம் இதோ," என்று என் வாயாலேயே சொல்வேன். ஒரு பிள்ளை ஒருமுறை, "பழைய ஓலையில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டான். எவ்வளவு நல்ல கேள்வி! "சிதைந்துவிட்டது," என்று சொல்லி அடுத்த பெட்டிக்கு அழைத்துப் போனேன். அவன் குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டு போனான்.

எனக்கு ஆயிரம் சாக்கு இருந்தது. சார் பணியில் இருக்கும்போது சொன்னால் அவருக்கு அவமானம். ஓய்வுபெற்ற பிறகு சொன்னால் முதுகில் குத்தியது போல. என் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள், எறா வலையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எல்லாம் சாக்குதான். அந்தத் தைல அறையிலிருந்து என்னை எழுப்பிக்கொண்டு போன மனிதர், அவரை எதிர்த்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் அவர் மேல் இருந்த கோபமும் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு சார் காலமானார். அவர் வீட்டுப் புத்தகங்களை நூலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நன்கொடையாக வரும் புத்தகங்களில் பென்சில் கிறுக்கல் இருந்தால் ரப்பரால் அழித்துவிட்டுத்தான் அலமாரியில் ஏற்ற வேண்டும் என்பது எங்கள் நூலக விதி. எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ! அந்த வேலையைச் செய்யும் மேரி என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், இந்தப் பொஸ்தகத்துல அங்கங்க வட்டம் வட்டமா போட்டு வெச்சிகீறாரு. அழிச்சிடவா?"

அவருடைய சொந்தப் பிரதி, அந்தப் பதிப்பு. மேரி கையிலிருந்து வாங்கிப் புரட்டினேன். பத்தொன்பது இடங்களிலும், அந்த அபூர்வ வாசகத்தைச் சுற்றி, மெல்லிய பென்சிலில் ஒரு சிறிய வட்டம். ஓட்டையின் அளவில். மூன்றாவது இடத்திலும் இருந்தது.

அது மட்டுமென்றால், நான் கொடுத்த பட்டியலைப் பார்த்துச் சும்மா வட்டம் போட்டிருப்பார் என்று விட்டிருப்பேன். இருபதாவதாக இன்னொரு வட்டம் இருந்தது. அந்த இடத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லை. பத்தாவது ஓலையின் பின்பக்கம் அது. அங்கேயும் ஓட்டை உண்டு, ஆனால் அங்கே தெலுங்குப் பிரதிக்கும் அழகுப்பிரதிக்கும் வேறுபாடு கிடையாது. அதனால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வட்டத்துக்குப் பக்கத்தில் சார் எழுதியிருந்தார்: 'இங்கு மட்டும் ஊகம் சரி.' பண்டிதர் இருபது இடத்தில் நிரப்பியதில் ஒன்று தற்செயலாக மூலத்தோடு ஒத்துப்போயிருக்கிறது. அதை அவர் கண்டுபிடித்திருக்கிறார். அப்படியென்றால் நான் இல்லாத ஒரு நாளில், அந்த ஓலைக்கட்டை அவரே எடுத்து, அவிழ்த்து, ஓலை ஓலையாகப் பார்த்திருக்கிறார்.

மேரி பக்கத்தில் நிற்கிறாள் என்பதையும் மறந்து அழுதேன். எனக்கு ஆத்திரம்தான். ஒரு வார்த்தை! இத்தனை வருஷத்தில் என்னைக் கூப்பிட்டு, "நீங்க சொன்னது சரிம்மா," என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? பதினைந்து வருஷம் அவர் ஒரு பக்கம் தெரிந்துகொண்டே இருந்தார், நான் ஒரு பக்கம் தெரிந்துகொண்டே இருந்தேன். நடுவில் அந்தப் பிள்ளைகள் எல்லாம் தப்பைப் படித்துக்கொண்டு போனார்கள்.

"அழிக்காதே மேரி," என்றேன். பதிவேட்டில் குறிப்புப் பத்தியில் 'பென்சில் வட்டங்கள் உள்ளன' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. செத்துப்போன மனுஷரைப் பற்றி என்ன என்று அதற்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

இப்போது நீங்கள் ஓலைகளைத் தனித்தனியாகப் படம் பிடித்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் படத்தில் ஈர்க்கு நுழையாது. சாரின் பதிப்பைக் கணினியில் ஏற்றினால் அந்தப் பத்தொன்பது இடங்களும் உலகத்துக்கே உண்மையாகிவிடும். இனிமேலும் எனக்குச் சாக்கு இல்லை.

மலர்க்குழுவுக்கு: இத்துடன் பட்டியலை இணைத்திருக்கிறேன். ஓலை எண், பக்கம், வரி எல்லாம் உண்டு. பத்தொன்பது நான் கண்டவை. இருபதாவது நரசிம்மன் சார் கண்டது, அதன் பக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள். இவ்வளவு நாள் தெரிந்தும் சொல்லாதவர்கள் என்று எங்கள் இரண்டு பேர் பெயரையும் மேலே போடுங்கள். மலரில் இடம் போதாது என்றால் கட்டுரையை எடுத்துவிட்டுப் பட்டியலைப் போடுங்கள்.